பக்கத்து வயல்

வாய்க்கால் எது, வயல் எது என்று
தெரியாமல் போன ஐப்பசியில்
எலிக்காய்ச்சல் என்று நான் எழுதிய நான்காவது சீட்டு
வைரக்கண்ணுவுடையது.
வயது முப்பத்தெட்டு. அம்மாப்பேட்டைக்குத் தெற்கே.
சாய்ந்த நாற்றைத் தூக்கி நட
மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்.
குதிகாலில் பித்தவெடிப்பு. அதுதான் வாசல்.

வியாழன் காலை இருமலில் ரத்தம்.
மாலைக்குள் நெஞ்சுப் படம் முழுக்க வெள்ளை,
பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும்
மூழ்கிய நிலம்போல்.
வென்டிலேட்டர் தள்ளுகிறது, நுரையீரல் வாங்கவில்லை.
பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தோம்.
எழுபத்தொன்பது. எழுபத்தாறு.

தஞ்சாவூரில், எங்கள் மருத்துவமனையில்
அந்த இயந்திரம் ஒன்றுதான்.
தொடையில் விரல் பருமன் குழாய் இறக்கி
கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து
காற்றூட்டிச் சிவக்கவைத்து
கழுத்து வழியே திருப்பி விடும்.
நுரையீரலுக்கு அது மருந்து அல்ல.
விடுப்பு.

தையல்நாயகி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்,
செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து.
"போட்டா பொழச்சிருவாரா, டாக்டரம்மா?"

தெரிந்ததைச் சொன்னேன்.
வெளிநாட்டில் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள்,
பாதிப் பேருக்கு இயந்திரம், பாதிப் பேருக்கு இல்லை.
இரண்டு மாதம் கழித்து எண்ணினால்
இல்லாத பக்கம் நூற்றுக்கு நாற்பத்தாறு சாவு,
இருந்த பக்கம் முப்பத்தைந்து.
அந்தப் பதினொன்று
தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறது கணக்கு.

"இல்லாத பக்கத்துல மூச்சு முட்டினவங்கள
சும்மா பாத்துக்கிட்டா இருந்தாங்க?"

இல்லை. நாலில் ஒருவருக்கு மேல்
கடைசி நேரத்தில் போட்டுவிட்டார்கள்.

"அப்ப வரப்பு ஒடஞ்சிருச்சு" என்றாள்.
"எங்க வயல்ல வேளாண்மை ஆபீசர் ரெண்டு பாத்தி கட்டுனாரு,
ஒண்ணுல புது உரம், ஒண்ணுல ஒண்ணும் இல்ல.
ராத்திரி மழையில வரப்பு கரைஞ்சி
தண்ணி அங்கயும் போயிருச்சு.
அறுப்புல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு.
உரத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போனாரு.
நாங்க மறு போகமும் அதத்தான் வாங்குனோம்."

வரப்பு உடைந்ததாலேயே
உரம் நல்லது ஆகிவிடாது.
இதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
ரத்தம் கசியலாம், மூளையிலும்கூட, என்றேன்.
காப்பீட்டு அட்டை பாதிதான் தாங்கும்.
மாரடைப்பில் தளர்ந்த இதயங்களுக்கு
இதே இயந்திரத்தை வேறு விதமாகப் பூட்டிப் பார்த்ததில்
உயிர் கூடியது தெரியவில்லை,
ரத்தம் போனதும் கால் கெட்டதும் தெரிந்தது.

"இவருக்கு நெஞ்சு நல்லாத்தானே இருக்கு?"

இருக்கிறது.

"எங்க போடணும்?"

முழுப் பெயர், முதலெழுத்தோடு.
பேனா தீர்ந்துபோய் என்னுடையதைக் கொடுத்தேன்.

ஒன்பது நாள்.
கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று
போய்ப் பார்க்கிறவர்களைப் போல
மணிக்கொரு தரம் கால் நகத்தை அழுத்திவிட்டு
சிவப்பு திரும்புகிறதா என்று காத்திருந்தோம்.
ஆறு யூனிட் ரத்தம்.
ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்தில்
இடது காலின் இரண்டு விரல்கள் கறுத்தன.

சனிக்கிழமை ஐந்தாவது சீட்டு.
குத்தாலத்துக்காரர், ஐம்பத்தொன்று, அதே வெள்ளைப் படம்.
இயந்திரம் காலியில்லை.
குப்புறப் படுத்தே பிழைத்து
வைரக்கண்ணுவுக்கு முன்னால் வீட்டுக்குப் போனார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
அவர் வேறு மண், வேறு தண்ணீர்,
ஒப்பிடக் கூடாது என்று எனக்கே
பலமுறை சொல்லிக்கொண்டேன்.
ஒப்பிட வேண்டியது
இயந்திரம் இல்லாத இதே வைரக்கண்ணுவை.
அந்த வயலை யாரும் உழுததில்லை.

மாசியில் வந்தார், எட்டு விரலோடு,
விந்தி விந்தி.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று
நெல்லைத் திருப்பிவிட்டதைப் பத்து நிமிடம் சொன்னார்.
பிறகு, "அந்த மிஷினுதானேம்மா என்னயக் காப்பாத்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் தையல்நாயகி:
"ஒத்த வயல வச்சிக்கிட்டு என்னத்தச் சொல்றது.
சட்டையக் கழட்டுங்க,
நெஞ்சப் பாக்கட்டும்."